அரியாங்குப்பத்து மேடும் இத்தாலியத் திராட்சை இரசமும்

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சென்றால் அரியாங்குப்பம் வரும். ஊருக்குள் நுழைவோரை ஆற்றுப்பாலம் வரவேற்கும். பேருந்தில் அவ்வழியே அன்றாடம் செல்லும் பல்லாயிரவருள், பாலத்திற்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கிடையே வளைந்து கடலை நாடிச் செல்லும் அந்த ஆற்றைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே. ஆரோக்கிய அன்னையின் ஆலயத் திருவிழாவுக்கு வருவோரும், வீராம்பட்டினத்துத் தேர்விழாவுக்குச் செல்வோரும் கூட, காக்காயன்தோப்பை ஒட்டி ஆற்றங்கரையில் அமைதியாகக் கிடக்கும் ஒரு மண்மேட்டைக் கண்டும் காணாதவராய்க் கடந்து விடுகின்றனர். அந்த மேட்டிற்கு அரிக்கமேடு என்று பெயர்.

இத்தாலி என்றவுடன் நம் கத்தோலிக்க இல்லங்களில் நினைவுக்கு வருவது உரோமை நகரும், புனித பேதுரு பேராலயமும், அசிசியும், பதுவையுமே. பணம் சேர்த்துத் திருப்பயணம் சென்று வந்தவர்கள் அங்குள்ள கோவில்களைப் பற்றியும், உண்ட உணவைப் பற்றியும், மேசைதோறும் வைக்கப்பட்ட திராட்சை இரசத்தைப் பற்றியும் வியந்து பேசுவர். கேட்டு மகிழ வேண்டியதுதான். ஆயினும் இத்தாலி நாட்டின் இரசமும் எண்ணெயும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் வீட்டு வாயிலுக்கு வந்து இறங்கின என்பதும், அவற்றைச் சுமந்து வந்த சாடிகளின் உடைசல்கள் அரியாங்குப்பத்து மண்ணிலேயே கிடைத்தன என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் சாடிகளின் கதையையும், அவற்றைத் தொடர்ந்து அதே கடல்வழியே வந்த சில மனிதர்களின் கதையையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடு வாய் திறந்த வரலாறு

இந்த மேட்டில் பழங்காலச் செங்கற்கள் உண்டு என்பது ஊராருக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. வீராம்பட்டினத்தருகே மக்கள் பழைய செங்கற்களைப் பெயர்த்தெடுத்துச் செல்கின்றனர் என்ற செய்தி 1734-ஆம் ஆண்டின் பிரெஞ்சு நிருவாகக் குறிப்பிலேயே உள்ளது. வீடு கட்டுவோருக்கு அது செங்கல் மேடு. மழை பெய்தபின் மண்ணில் மின்னும் வண்ண மணிகளைப் பொறுக்கும் சிறுவருக்கோ விளையாட்டுத் திடல். அதற்குமேல் அதனைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை.

1937-ஆம் ஆண்டில், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இச்சிறுவரிடமிருந்து சில மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒரு கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் உருவமே என்று அவர் கருதினார். லூக்கா நற்செய்தியில், உலகெங்கும் மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளை பிறப்பித்தவராக நாம் கிறிஸ்து பிறப்பு விழாதோறும் கேட்கும் அதே அகுஸ்து சீசர்! அவருடைய முகம் அரியாங்குப்பத்துச் சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாய்க் கிடந்தது என்று அந்த அறிஞர் எண்ணியபோது அவர் உள்ளம் எவ்வளவு துள்ளியிருக்கும்!

பின்னர் 1940-களின் தொடக்கத்தில் துறவற சகோதரர் ஃபோஷேவும் சுர்லோ என்பவரும் இங்கு அகழ்ந்தனர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஓர் உடைந்த சாடித் துண்டைக் கண்டார். உரோமையரின் இரசச் சாடியை ஐரோப்பிய அகழாய்வுகளில் பலமுறை கையாண்ட கைகள் அவருடையவை. அது எங்கே கிடைத்தது என்று வினவினார். புதுச்சேரிக்கு அருகில் என்று விடை வந்தது. உடனே புதுவைக்கு விரைந்தார். 1945-இல் அரிக்கமேட்டில் அவர் நடத்திய அகழாய்வு உலகப் புகழ் பெற்றது. 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை அமெரிக்காவிலிருந்து வந்த விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து இங்கு மீண்டும் அகழ்ந்தனர்.

சாடிகள் சொல்லும் செய்தி

வீலர் கண்ட சாடிக்கு ஆம்போரா என்று பெயர். நீண்ட கழுத்து, இருபுறமும் கைப்பிடி, கூரிய அடிப்பாகம் ஆகியவை அதன் அடையாளம். தரையில் நிற்க முடியாத சாடியை எதற்காகச் செய்தார்கள் என்று நமக்குத் தோன்றலாம். அது வீட்டு மேசைக்காகச் செய்யப்பட்டதன்று, கப்பலுக்காகச் செய்யப்பட்டது. கூரிய அடிப்பாகத்தைக் கீழ்வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே செருகினால், அலையில் கப்பல் ஆடினாலும் சாடி அசையாது. தூக்கிக் கவிழ்க்கும்போது அந்தக் கூர்முனையே மூன்றாவது கைப்பிடியாக உதவும். உரோமையர் 'ஆம்போரா' என்று வழங்கிய முகத்தல் அளவு ஏறத்தாழ 26 லிட்டர் ஆகும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே இரசம் கசியாதிருக்க உட்புறத்தில் மரப்பிசின் பூசினர். வாயைத் தக்கையிட்டுச் சாந்தால் அடைத்தனர்.

அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராத் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் வகைப்படுத்தினார். அவற்றுள் பெரும்பான்மை இரசச் சாடிகள். கிரேக்கத் தீவாகிய கோஸ் என்னும் இடத்தைச் சேர்ந்தனவும், அவற்றைப் பார்த்து இத்தாலியில் செய்யப்பட்டனவும் அவற்றுள் மிகுதி. கோஸ் தீவின் இரசம் கடல்நீர் கலந்து ஆக்கப்படுவது; ஆதலின் நெடும்பயணத்தைத் தாங்கும் என்று பெயர் பெற்றது. அதன் சுவை விற்பனையாகக் கண்ட இத்தாலியர், தம் நாட்டிலேயே அதே முறையில் இரசம் ஆக்கி அதே வடிவச் சாடிகளில் அடைத்து அனுப்பினர். தென்னித்தாலியின் கம்பானியாப் பகுதிச் சாடிகளின் களிமண்ணில் எரிமலையின் கருமணல் கலந்திருக்கும். வெசுவியு மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களின் அடையாளம் அது. கி.பி. 79-இல் அம்மலை வெடித்துப் பொம்பேயி நகரைச் சாம்பலில் புதைத்தபோது அத்தோட்டங்களும் அழிந்தன. தோட்டமும் தோட்டக்காரரும் மறைந்தனர். அவர்கள் வனைந்த சாடியின் துண்டு மட்டும் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் எஞ்சியது.

இரசச் சாடிகளோடு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் கிடைத்தன. அவற்றுள் சில, இத்தாலியின் வடகிழக்கே ஆதிரியாக் கடலோரத்து இசுத்திரியாப் பகுதியைச் சேர்ந்தவை. வேறு சில சாடிகள் இசுப்பானிய நாட்டிலிருந்து 'காரும்' என்னும் மீன்சாற்றைக் கொண்டு வந்தவை. மீனையும் அதன் குடலையும் உப்பிலிட்டு வெயிலில் பல வாரம் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாறு அது. உரோமையர் சமையலில் நம் வீட்டு உப்பைப்போல் எங்கும் கலந்தது. கருவாட்டின் மணம் அறிந்த வீராம்பட்டினத்துப் பரதவர் அந்தச் சாடியைத் திறந்து முகர்ந்திருந்தால் முகம் சுளித்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது!

இச்சாடிகளைக் கொண்டு ஆய்வாளர் ஒன்றை ஊகிக்கின்றனர். இரசத்தைத் தமிழ்நாட்டு மன்னரும் செல்வரும் விரும்பி வாங்கியிருக்கலாம். ஆனால் ஒலிவ எண்ணெயையும் மீன்சாற்றையும் நல்லெண்ணெய்க்கும் கருவாட்டிற்கும் பழகிய நம்மவர் வாங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே அவற்றை உண்டவர் மேலைநாட்டினராகவே இருத்தல் வேண்டும். பருவக்காற்றில் வந்திறங்கி, திரும்பும் காற்றுக்காகத் திங்கள் கணக்கில் காத்திருந்த வணிகர், தம் தாய்நாட்டு உணவின் சுவையை ஏங்கி நினைத்து, அதனைச் சாடியில் அடைத்துக் கூடவே கொண்டுவந்தனர். துபாய்க்கும் குவைத்துக்கும் பிரான்சுக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பெட்டியில் ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு செல்வது போலத்தான். மனித உள்ளம் இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை.

உணவுக்கலங்களும் கிடைத்தன. இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியிலுள்ள அரெட்சோ நகரம் பளபளக்கும் சிவப்பு மட்கலங்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வகைத் தட்டுகளின் துண்டுகள் சிலவற்றில் வனைந்த குயவர்களின் முத்திரைகள் இருந்தன. அவற்றுள் 'கமுரி' என்பது ஒன்று. இவ்வகைத் தட்டுகள் ஐரோப்பாவில் எந்த ஆண்டுகளில் வனையப்பட்டன என்பது அறிஞருக்குத் தெரியும். எனவே அவை கிடந்த மண்ணடுக்கின் காலத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று வீலர் உறுதியாகக் கூற முடிந்தது. அதே அடுக்கில் கிடந்த தமிழ்நாட்டு மட்கலங்களுக்கும் அதனால் காலம் கிடைத்தது. அவற்றைக் கொண்டு தென்னாட்டின் பிற இடங்களுக்கும் காலம் கணிக்கப்பட்டது. பெயர் தெரியாத ஓர் இத்தாலியக் குடும்பத்தின் உணவுத்தட்டு, தென்னிந்தியத் தொல்லியலுக்கு நாள்காட்டியாய் அமைந்தது.

மிளகும் இரசமும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடல் பெரிப்புளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு கிழக்குக் கரைத் துறைமுகங்களுள் 'பொதுகே' என்ற ஒன்றைக் குறிக்கின்றது. தாலமியும் அப்பெயரைக் கூறுகிறார். அது அரிக்கமேடே என்பர் அறிஞர் பலர். மேற்குக் கரையின் பாருகச்சத்திற்கு வந்திறங்கும் பொருள்களைப் பட்டியலிடும்போது அக்கையேடு இரசத்தையும் கூறி, அதிலும் இத்தாலிய இரசமே சிறப்பு என்று காட்டுகிறது. மேற்குக் கரைக்கு வரும் பொருள்கள் அங்கிருந்து கிழக்குக் கரைத் துறைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும், அதற்குரிய உள்நாட்டுக் கப்பல்கள் இருந்தன என்றும் அது தெரிவிக்கின்றது. ஆக, இத்தாலியச் சாடியை இத்தாலியர் கப்பல் மட்டும் சுமக்கவில்லை. தமிழர் கப்பலும் சுமந்தது.

சங்கப் புலவர்களும் இதற்குச் சான்று பகர்கின்றனர். புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, நாள்தோறும் இன்புற்று வாழ்வாயாக என்கிறார். அகநானூற்றின் 149-ஆம் பாடலோ, யவனரின் அழகிய மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியைக் காட்டுகின்றது. யவனர் என்ற சொல் கிரேக்கர், உரோமையர், எகிப்தில் வாழ்ந்த வணிகர் ஆகிய அனைவரையும் குறித்தது.

வணிகம் ஒருவழிப் பாதையன்று. உரோமையரின் பழைய சமையல் நூலாகிய அப்பீசியுவின் தொகுப்பில் பெரும்பாலான உணவுகளுக்கு மிளகு வேண்டப்படுகிறது. கி.பி. 92-இல் பேரரசர் தொமித்தியான் உரோமை நகரின் நடுவே மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டினார். கி.பி. 408-இல் அலாரிக் உரோமையை முற்றுகையிட்டபோது, நகரை விட்டு விலகுவதற்குக் கேட்ட பொருள்களுள் 3,000 இராத்தல் மிளகும் அடங்கும். ஆண்டுதோறும் இந்தியா நம்மிடமிருந்து ஐந்து கோடி செஸ்தெர்சு நாணயத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று பிளினி வருந்தினார். காரத்தைத் தவிர வேறு நலம் எதுவும் இல்லாத மிளகை மக்கள் ஏன் இவ்வளவு விரும்புகின்றனர் என்று அவர் வியந்தார். நம் பாட்டி வைக்கும் மிளகு இரசத்தை ஒருமுறை அருந்தியிருந்தால் அப்பெரியவர் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்.

பொம்பேயி நகரச் சாம்பலுக்குள்ளிருந்து 1938-இல் இந்தியக் கைவினைஞர் செதுக்கிய தந்தப் பாவை ஒன்று வெளிப்பட்டது. இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர்களுடைய சாடி நம் மண்ணில். நம் நாட்டுப் பாவை அவர்கள் மண்ணில். இரு மண்ணும் தத்தம் விருந்தினரை இரண்டாயிரம் ஆண்டு பத்திரமாகக் காத்தன.

வீலர் கண்டதும் காணாததும்

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. வீலர் உரோமையைத் தேடி வந்தார், உரோமையையே கண்டார். அதுவரை சிறு மீனவர் குடியிருப்பாக இருந்த இடம் உரோமை வணிகத்தால்தான் நகராயிற்று என்னும் கருத்து அவரது அறிக்கையால் பரவியது. அடியில் புள்ளிக்கோலம் உருட்டிய மெல்லிய கருங்கலங்களையும் அவர் மேலைநாட்டு இறக்குமதி என்றே எண்ணினார்.

பின்னைய ஆய்வுகள் அக்கருத்தைத் திருத்தின. அந்தப் புள்ளிக்கோலக் கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பது களிமண் ஆய்வால் தெளிவாயிற்று. பெக்லியின் அகழாய்வு, உரோமைச் சாடி வருமுன்னரே, கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே, இங்கு வணிகமும் கைத்தொழிலும் நடந்தன என்று காட்டியது. உரோமை வணிகம் தளர்ந்த பின்னரும் இவ்வூர் அழிந்துவிடவில்லை. கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்யும் தொழில் இங்கே செழித்திருந்தது. தமிழ்ப் பிராமி எழுத்தில் தம் பெயரைப் பானையில் கீறி வைத்த மக்கள் இங்கே வாழ்ந்தனர். விருந்தினர் வந்ததால் வீடு உண்டாகவில்லை. வீடு இருந்ததால்தான் விருந்தினர் வந்தனர்.

இவ்வேறுபாடு நமக்கு மிக முக்கியமானது. ஏனெனில் இதே கேள்வி வேறொரு வடிவில் நம்மையும் நோக்கி எழுவதுண்டு. "உங்கள் சமயம் கடல் கடந்து வந்ததுதானே?" என்று தெருவிலும் தேர்தல் மேடையிலும் கேட்போர் உள்ளனர். கேட்போருள் சிலர் அறியாமையால் கேட்பர்; சிலர் நம்மை அயலாராக்கவே கேட்பர். அதற்கு விடை தேடுமுன், அதே கடல்வழியே பின்னாளில் வந்த சில இத்தாலியரைக் காண்போம்.

வெனிசு நகரத்தார் இருவர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 1292-ஐ ஒட்டி, வெனிசு நகரத்து மார்க்கோ போலோ சோழமண்டலக் கரைக்கு வந்தார். மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையைப் பற்றியும், அங்குள்ள செம்மண்ணைத் திருப்பயணிகள் எடுத்துச் செல்வது பற்றியும் எழுதியவர் அவர். நம் மக்களின் உணவுப் பழக்கத்தையும் கூர்ந்து நோக்கினார். வலக்கையால் மட்டுமே உண்பர்; குவளையில் வாய்படாமல் அண்ணாந்து பருகுவர் என்று எழுதினார். திராட்சைக் கொடியின் நாட்டிலிருந்து வந்த அவரை வியக்கச் செய்த செய்தி இன்னொன்று: இந்நாட்டார் மது அருந்துவோனைப் பிணையாளாக ஏற்பதில்லை, கடலில் செல்வோனையும் ஏற்பதில்லை, கடலில் துணிந்து செல்பவன் உயிரை வெறுத்தவன் என்பது அவர்கள் எண்ணம் என்கிறார். மதுவும் கடற்பயணமும் தம் வாழ்வாகக் கொண்ட வெனிசு வணிகர் அதை எழுதும்போது தமக்குள் சிரித்திருப்பார்.

மற்றவர் நிக்கோலோ மனுச்சி. பதினான்கு வயதளவில் வெனிசிலிருந்து கப்பலில் ஒளிந்து புறப்பட்டு, 1656-இல் சூரத்தில் இறங்கினார். மக்கள் செந்நிறமாய்த் துப்புவதைக் கண்டு, இவர்களுக்குப் பல்லில் காயமோ என்று திகைத்தார். அது வெற்றிலை என்று அறிந்து தாமும் மென்றார். தலை சுற்றிக் கீழே விழுந்தார்! முகலாயர் படையில் பீரங்கி வீரராகவும் பின்னர் மருத்துவராகவும் பிழைத்த அவர், தம் முதுமையைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்து, முகலாயர் வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். வெற்றிலைக்கு மயங்கி விழுந்த சிறுவன் இந்நாட்டிலேயே அறுபது ஆண்டளவு வாழ்ந்து இங்கேயே மடிந்தான். அயல்நாட்டுச் சுவை முதலில் தலையைச் சுற்ற வைக்கும். பின்னர் அதுவே வீட்டுச் சுவையாகிவிடும்.

திராட்சைத் தோட்டத்தைத் துறந்தவர்

அரிக்கமேட்டிற்குத் தட்டு அனுப்பிய அரெட்சோவிற்குத் தெற்கே, அதே தொஸ்கானாவில், மோந்தேபுல்சியானோ என்னும் குன்றூர் உள்ளது. அவ்வூர் இரசம் இன்றும் இத்தாலியின் பெருமைக்குரிய இரசங்களுள் ஒன்று. அந்த ஊரின் உயர்குடியில் தோன்றியவரே இராபர்ட் தெ நொபிலி. 1577-இல் பிறந்து, 1605-இல் கோவாவை அடைந்து, 1606-இல் மதுரைக்கு வந்தார். தத்துவபோதக சுவாமிகள் என்று நம் முன்னோர் அவரை அழைத்தனர்.

பறங்கியர் என்றால் இறைச்சி உண்போர், மது அருந்துவோர் என்று மதுரை மக்கள் அருவருத்து விலகியதை அவர் கண்டார். நற்செய்திக்குத் தடையாக நிற்பது தம் உணவுத்தட்டே என்று உணர்ந்தார். காவி உடுத்தார், இறைச்சியையும் மீனையும் மதுவையும் விட்டார், நாளுக்கு ஒருவேளை சோறும் காயும் பாலும் உண்டார். இரசத்தின் ஊரில் பிறந்த ஒருவர் மேசை இரசத்தைத் துறந்து, பீடத்து இரசத்தை மட்டும் வைத்துக்கொண்டார். உடன்பணியாற்றியவருள் சிலரே அவரைக் குற்றஞ்சாட்டினர். வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறைகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அவர் உயர்குலத்தாரின் வாழ்க்கைமுறையைத் தழுவியதால், சாதி வேறுபாடு திருச்சபைக்குள் வேரூன்ற இடம் தந்தார் என்னும் குறையும் கூறப்படுவதுண்டு. அக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அதன் வடு நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இன்னும் ஆறவில்லை. ஒரு தடையை அகற்ற முயன்றவர் மற்றொரு தடைச்சுவரைத் தொடாமல் விட்டார் என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர் கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். நம் பிள்ளைகளுக்கு நாம் ஆசையோடு சூட்டும் ஞானப்பிரகாசம் என்ற பெயருக்குரிய புனித அலோசியு கொன்சாகா பிறந்ததும் அவ்வூரில்தான். 1710-இல் இந்தியாவுக்கு வந்த பெஸ்கி, வீரமாமுனிவராய்த் தமிழுக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்தார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியத்தில் 3,615 பாடல்கள் உள்ளன. 1850-களின் தொடக்கத்தில் அதனை அச்சேற்றி நூலாக்கியது நம் புதுச்சேரி மாதா கோயில் அச்சுக்கூடமே. இத்தாலியரின் சாடியைக் காத்த அதே ஊர்ப்பகுதி, இத்தாலியரின் தமிழையும் காத்தது.

பீடத்து இரசமும் மேட்டுக் குருமடமும்

சாடிகளில் வந்த பொருள்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். இரசம், ஒலிவ எண்ணெய் ஆகிய இரண்டும் திருவருட்சாதனங்களின் பொருள்களும் ஆகும். கோதுமையும் கொடிமுந்திரியும் சோழமண்டலக் கரையின் இயல்பான விளைச்சல் அல்ல; இது நெல்லும் தென்னையும் பனையும் செழிக்கும் மண். ஆயினும் நற்கருணைக்குக் கோதுமை அப்பமும் இயற்கையான திராட்சை இரசமுமே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு 924-ஆம் பிரிவில் இதனை வரையறுக்கின்றது. எண்ணெயைப் பொறுத்தவரை திருச்சபை இறங்கி வந்தது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளை எண்ணி, நோயில்பூசுதலுக்குப் பிற தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இசைவளித்தார். ஒன்று மாறாதது, மற்றொன்று மண்ணுக்கேற்ப மாறக்கூடியது. இவ்விரண்டையும் சேர்த்துக் காப்பதே நம் மரபு.

அரிக்கமேட்டில் நிற்கும் இடிந்த சுவர்களைக் கண்டு, இவை உரோமையர் கட்டியவை என்று வருவோர் பலர் மயங்குவதுண்டு. அவை உரோமையர் சுவர்கள் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் குருமடச் சுவர்கள். இன்றைய வியட்நாம், கம்போடியப் பகுதிகளில் நடந்த கலவரத்தால் அங்கிருந்த குருமடம் சிதைய, அதன் தலைவராகிய பாரீசு வேதபோதக சபைக் குரு பிஞோ தெ பெகேன், 1770-இல் மாணவருடன் புதுச்சேரிக்கு வந்து வீராம்பட்டினத்தருகே குருமடத்தை மீண்டும் நிறுவினார். அன்னமிய மொழி பேசும் மாணவரின் உதவியோடு 1773-இல் அன்னமிய–இலத்தீன் அகராதி ஒன்றை இங்கிருந்தே முடித்தார். 1774-இல் மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலை பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் குருமடம் கைவிடப்பட்டது. கீழே இத்தாலியரின் சாடி. மேலே பிரெஞ்சுக் குருவின் சுவர். அச்சுவருக்குள் வியட்நாமிய இளைஞரின் செபம். சுற்றிலும் தமிழ் உழவரின் தென்னை. இதனைவிடப் பொருள் பொதிந்த வேறொரு மேடு நம் பகுதியில் உண்டோ?

நிறைவாக

முன்னர் எழுப்பிய கேள்விக்கு இனி விடை கூறலாம். ஆம், கடல் கடந்து வந்தவை பல. மிளகாயும் உருளைக்கிழங்கும் கூடக் கடல் கடந்து வந்தவையே. கடலோரத்தில் வாழும் மக்களுக்குக் கடல் மதிற்சுவர் அன்று; வாயிற்படி. வந்த பொருள் எதுவாயினும் அதனை ஏற்பதா, மறுப்பதா, மாற்றிக் கொள்வதா என்பதை முடிவு செய்தவர் இங்கிருந்த மக்கள். யவனர் மதுவைப் பாண்டியன் பருகினான். அதனால் அவன் யவனன் ஆகிவிடவில்லை. வீரமாமுனிவரின் காப்பியத்தைத் தமிழர் போற்றினர். அது இத்தாலியக் காப்பியம் ஆகிவிடவில்லை. நம் விசுவாசமும் அத்தகையதே. சாடி எந்நாட்டதாயினும், அதனைத் திறந்து பருகி உயிர் பெற்றவர் இந்நாட்டவர்.

ஆனால் இவ்விடையைக் கூறும் உரிமை நமக்கு இருக்க வேண்டுமானால், அந்தச் சான்றை நாம் காக்க வேண்டும். 1734-இல் செங்கல் பெயர்த்தவரைக் குறை கூறுவது எளிது. வீடு கட்டக் கல் இல்லாத ஏழை பெயர்த்தான். அதன் பின்னரும், படித்தவர் காலத்திலும், மணிகளைத் தோண்டி விற்பது நிகழ்ந்தது; ஆற்று நீர் கரையை அரித்துப் பழஞ்சுவர்களை விழுங்கியது; மேடு முட்புதர் மண்டிக் கிடந்த ஆண்டுகள் பல. தொல்லியல் துறை அதனைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துள்ளது. 2010-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் பரிந்துரைப் பட்டியலிலும் பட்டுப்பாதைத் தலங்களுள் ஒன்றாக இடம் பெற்றது. ஆயினும் பலகை மட்டும் ஓர் இடத்தைக் காத்துவிடாது. அருகில் வாழ்வோர் அதனைத் தம்முடையது என்று எண்ணினால்தான் அது நிலைக்கும்.

அடுத்த முறை அரியாங்குப்பத்து ஆலயத்திற்குத் திருவிழாக் காணச் செல்லும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரை வரை ஒரு மாலை நடந்து செல்லுங்கள். ஓடு எதையும் எடுத்துவர வேண்டாம். மணி கிடந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். புதுவை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள சாடித் துண்டுகளையும் அவர்களுக்குக் காட்டுங்கள். மறுநாள் காலைத் திருப்பலியில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தும்போது, பூமியின் விளைவும் மனித உழைப்பின் பயனுமாகிய அந்த இரசம் எத்தனை கடல் கடந்து, எத்தனை கைகள் மாறி இந்த ஊருக்கு முதன்முதல் வந்தது என்பதை அப்பிள்ளைகள் ஒரு கணம் நினைத்துக்கொள்ளக்கூடும்.